பனித்தரையில் பதித்த தடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு விளையாட்டு வீரரின் பெருமையை அவர் குவித்த வெற்றிகளின் எண்ணிக்கையால் அளப்பது நம் வழக்கம். 45 ஆட்டங்கள், 4 கோல்கள். தம் விளையாட்டின் மிக உயர்ந்த களத்தில் ஒருவர் பெற்ற மொத்தக் கணக்கு இவ்வளவுதான். ஆயினும், அவர் அணிந்த சட்டை எண்ணை இனி வேறெவரும் அணிவதில்லை என்று அவருடைய பழைய அணி அறிவித்தது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கச் சட்டம் இயற்றியது. இத்தனை சிறிய கணக்குக்கு இத்தனை பெரிய மதிப்பு எவ்வாறு கிடைத்தது? அதற்கான விடையைத் தேடுகிறது இப்பாடம்.

பனியே களமாக

உலக வரைபடத்தில் கனடா நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டி நியூ பிரன்ஸ்விக் என்னும் மாகாணம் அமைந்துள்ளது. அதன் தலைநகர் பிரெடரிக்டன். குளிர்காலத்தில் அங்குக் குளங்களும் ஆறுகளும் உறைந்து கெட்டியான தரையாகிவிடும். நம் ஊர்ச் சிறுவர்கள் அறுவடை முடிந்த வயலில் ஆடுவதுபோல, அந்நாட்டுச் சிறுவர்கள் உறைந்த நீர்ப்பரப்பில் ஆடுவர். அவர்கள் ஆடும் ஆட்டம் ஐஸ் ஹாக்கி எனப்படும் பனி வளைகோல் ஆட்டம்.

புல்தரையில் ஆடும் ஹாக்கியில் பந்து உருளும். பனித்தரையிலோ பந்துக்கு மாற்றாகக் கடினமான ரப்பர் வட்டு வழுக்கிச் செல்லும். அதன் விட்டம் 3 அங்குலம். தடிமன் 1 அங்குலம். காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் விளிம்பில் உடலின் முழு எடையையும் நிறுத்திச் சறுக்கியபடியே வீரர்கள் மட்டையால் அந்த வட்டைச் செலுத்துவர். ஓங்கி அடித்த வட்டு மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் களத்தின் நிலை மாறிவிடும். ஆகவே இவ்வாட்டத்தில் கால்களுக்கு எவ்வளவு வலிமை வேண்டுமோ அவ்வளவு கூர்மை கண்களுக்கும் வேண்டும்.

அத்தகைய ஆட்டத்தில், ஒரு கண்ணில் பார்வையை இழந்த ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழில்முறை வீரராக விளங்கினார். அதுமட்டுமன்று, கறுப்பினத்தவருக்கு அதுவரை திறவாதிருந்த தேசிய ஹாக்கி லீக்கின் கதவை முதன்முதலில் கடந்து உள்ளே சென்றவரும் அவரே. அவர்தாம் வில்லி ஓரீ.

முற்றத்தில் உறைந்த களம்

வில்லி ஓரீ 1935ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிரெடரிக்டனில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் இளையவர் அவர். அவருடைய முன்னோர் அமெரிக்காவில் அடிமைத்தளையில் கட்டுண்டு, அதிலிருந்து தப்பிக் கனடாவை வந்தடைந்தவர்கள். ஓரீ பிறந்த காலத்தில் அந்நகரில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சிலவே.

குளிர்காலம் தொடங்கியதும் தந்தையார் வீட்டின் பின்முற்றத்தில் தண்ணீரைப் பாய்ச்சுவார். இரவுக்குள் அது உறைந்து விளையாட்டுக்களமாகிவிடும். நடக்கப் பழகிய சில காலத்திலேயே ஓரீ அக்களத்தில் சறுக்கப் பழகினார்; ஐந்து வயதில் முறையான ஆட்டத்தில் பங்கேற்றார். மூத்த அண்ணன் ரிச்சர்டு அவருக்கு ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்பித்தார். எதிரணியினர் மோதித் தள்ளும்போது எவ்வாறு நிலைகுலையாமல் நிற்பது என்பதை மட்டுமன்றி, நிறத்தைச் சுட்டி இழிவாகப் பேசுவோரை எவ்வாறு எதிர்கொள்வது என்பதையும் அவரே கற்றுத்தந்தார். நாம் இடம் கொடுத்தாலன்றி இழிசொற்கள் நம்மைப் புண்படுத்தமாட்டா என்பது அண்ணன் தம்பிக்குச் சொன்ன பாடம்.

சிறுவயதில் ஒரு சந்திப்பு

ஓரீ பேஸ்பால் ஆட்டத்திலும் தேர்ந்தவர். 1949ஆம் ஆண்டில் அவர் ஆடிய சிறுவர் அணி வாகை சூடியது. அதற்குப் பரிசாக அணியினர் நியூயார்க் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். புரூக்ளின் பகுதியிலிருந்த எப்பெட்ஸ் திடலில் நடைபெற்ற பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டபின், ஜாக்கி ராபின்சனைச் சந்திக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது.

ஜாக்கி ராபின்சன் யார்? அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் போட்டிகள் நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. 1947ஆம் ஆண்டில் அந்தத் தடையை உடைத்து உள்ளே நுழைந்த கறுப்பின வீரர் அவர். அவருக்குக் கைகொடுத்த சிறுவன், தான் பேஸ்பால் மட்டுமன்றி ஹாக்கியும் ஆடுவதாகக் கூறினான். கறுப்பினச் சிறுவர்கள் ஹாக்கி ஆடுவதுண்டா என்று ராபின்சன் வியந்தார். சிலர் ஆடுகிறார்கள் என்று சிறுவன் பணிவுடன் விடையளித்தான்.

அன்றைய நாளில் ராபின்சனின் வியப்பு பொருளற்றதன்று. தேசிய ஹாக்கி லீக்கில் அப்போது ஆறு அணிகள் மட்டுமே இருந்தன. அவ்வணிகள் அனைத்திலுமாக ஏறத்தாழ 120 வீரர்களே இடம்பெற இயலும். அவர்களுள் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. அந்நிலையிலும், அந்த 120 பேருள் ஒருவராக வேண்டும் என்னும் விழைவு அந்தச் சிறுவனின் உள்ளத்தில் வேரூன்றியது.

இருண்ட வலக்கண்

இருபது வயதை எட்டிய காலத்தில் ஓரீ, ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகர இளையோர் அணியில் ஆடினார். 1955-56ஆம் ஆண்டுப் போட்டிக் காலத்தில் ஒருநாள், கோல் வாயிலின் முன்னே நின்றிருந்த அவரை நோக்கி வட்டு ஒன்று திசைமாறித் தெறித்து வந்தது. தலைக்கவசமோ முகக்காப்போ அணியும் வழக்கம் அன்றில்லை. வட்டு அவருடைய வலக்கண்ணைத் தாக்கியது. மூக்கெலும்பு முறிந்தது, கன்ன எலும்பும் சிதைந்தது. மருத்துவமனையில் கண்விழித்தபோது மருத்துவர் உண்மையை மறைக்காமல் கூறினார். வலக்கண்ணின் விழித்திரை சிதைந்துவிட்டது. அக்கண்ணில் ஏறத்தாழ முழுப் பார்வையும் போய்விட்டது. இனி ஹாக்கி ஆட இயலாது.

மருத்துவர் சொன்னது அறிவியல் உண்மை. அதை ஓரீ மறுக்கவில்லை. பார்வை திரும்பும் என்று கனவு காணவுமில்லை. ஆனால், இனி ஆட இயலாது என்னும் முடிவை மட்டும் அவர் ஏற்கவில்லை. உடல் தேறியதும், சில வாரங்களிலேயே மீண்டும் பனித்தரையில் இறங்கினார்.

அவர் இடப்பக்க முன்கள வீரர். களத்தின் இடது ஓரமாக எதிரணியின் கோல் வாயிலை நோக்கி விரைபவருக்குத் தம் அணியினர் அனைவரும் வலப்பக்கமாகவே இருப்பர். அவர்கள் தள்ளிவிடும் வட்டும் அவரைத் தாக்க வரும் எதிரணி வீரரும் வலப்பக்கமிருந்தே வருதல் வேண்டும். ஓரீயின் வலக்கண்ணோ இருண்டுவிட்டது. ஆகவே, வட்டைப் பெறும்பொருட்டு ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுமையாக வலத்தோளின்மேல் திருப்பி, இடக்கண்ணால் நோக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் கைக்கு வந்த வட்டுகள் பல தவறின. எளிதாக அடித்திருக்க வேண்டிய கோல்கள் நழுவின. பார்வையற்ற கண்ணைப் பற்றியே தாம் எண்ணிக்கொண்டிருப்பதை ஓரீ ஒருகட்டத்தில் உணர்ந்தார். காணாத கண்ணை மறந்து, காணும் கண்ணில் கருத்தைச் செலுத்து என்று தமக்குத்தாமே கட்டளையிட்டுக்கொண்டார்.

ஒரு கண்ணில் பார்வையற்றவர் ஆடுதல் கூடாது என்பது தேசிய ஹாக்கி லீக்கின் விதி. எனவே, மிக நெருங்கிய ஓரிருவரைத் தவிர வேறெவரிடமும் அவர் இதனை வெளியிடவில்லை. பெற்றோரும் அறியவில்லை. ஓரீ வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவருடைய ஆட்டம் அன்றே முடிந்திருக்கும். சொல்லாததால் ஒவ்வோர் ஆட்டத்திலும் எஞ்சிய கண்ணையும் இழக்கும் இடருக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார். அவர் செய்தது சரியா என்னும் வினா இன்றும் விவாதத்திற்குரியது. உடல்நிலையை மறைத்து விளையாடுவது பின்பற்றத்தக்க நெறியன்று. எனினும், அந்த இடரின் முழுச்சுமையையும் வேறெவர்மேலும் ஏற்றாமல் அவரே சுமந்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

பேருந்தின் பின்னிருக்கை

1956ஆம் ஆண்டில் மில்வாக்கி பிரேவ்ஸ் என்னும் புகழ்பெற்ற பேஸ்பால் அணி ஓரீயைப் பயிற்சி முகாமிற்கு அழைத்தது. முகாம் நடந்த இடம் அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியா. விமான நிலையத்தில் இறங்கியதுமே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று எனக் கழிப்பறைகள் பிரிக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். உணவகம், தங்குமிடம், நடமாடும் தெரு என எங்கும் நிறம் ஒரு வேலியாக நின்றது. பிரெடரிக்டனில் இழிசொற்களைக் கேட்டிருந்தபோதிலும், சட்டமே வேலியாக நிற்பதை அவர் கண்டது அதுவே முதல்முறை.

முகாமில் இறுதித் தேர்வுக்கு அவர் தெரிவு செய்யப்படவில்லை. வீடு திரும்பப் பேருந்தில் ஏறினார். தென்மாநிலங்களைக் கடக்கும்வரை பின்னிருக்கையில்தான் அமர முடிந்தது. வடக்கே செல்லச் செல்லச் சிறிது சிறிதாக முன்னிருக்கைகளுக்கு நகர்ந்தார். சில நாள் நீடித்த அப்பயணம் முடிந்தபோது பேஸ்பாலுக்கு விடைகொடுத்து, ஹாக்கி ஒன்றையே தம் வாழ்க்கைத்தொழிலாகக் கொள்வதென்று உறுதி செய்திருந்தார்.

அவ்வாண்டே கியூபெக் ஏசஸ் என்னும் தொழில்முறை அணியில் ஓரீ சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே 22 கோல்கள் அடித்தார். அவருடைய விரைவு பலரின் கவனத்தை ஈர்த்தது. களத்தில் அவருக்கு நிகராகச் சறுக்கக்கூடியவர்கள் சிலரே என்று பேசப்பட்டது.

1958 சனவரி 18

1958ஆம் ஆண்டு சனவரி மாதம் தேசிய ஹாக்கி லீக்கின் பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் ஓர் இடம் ஏற்பட்டது. அதனை நிரப்ப ஓரீக்கு அழைப்பு வந்தது. 18ஆம் நாள் இரவு, மான்ட்ரியல் நகரின் ஃபோரம் அரங்கில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு எதிராக அவர் களமிறங்கினார். அக்காலத்தில் தொடர்ந்து வாகை சூடிவந்த வலிமைமிக்க அணி அது. அன்றோ பாஸ்டன் அணி 3-0 என்னும் கணக்கில் வென்றது.

அந்த இரவில் பறை முழங்கவில்லை. அரங்கில் சிறப்பு அறிவிப்பு எதுவும் இல்லை. கியூபெக் அணிக்காக ஆடியபோதே மான்ட்ரியல் மக்கள் அவரை அறிந்திருந்தனர். தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் தாமே என்னும் செய்தியை மறுநாள் நாளிதழைக் கண்டுதான் ஓரீ உணர்ந்தார். வரலாறு பெரும்பாலும் இவ்வாறு ஓசையின்றியே நிகழ்கிறது. அதன் பொருள் பின்னரே புலப்படுகிறது.

மறுநாள் பாஸ்டனில் மற்றோர் ஆட்டம். அத்துடன் அவர் மீண்டும் கியூபெக்கிற்கே அனுப்பப்பட்டார். அடுத்த அழைப்பு வருவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

முதல் கோலும் முறிந்த பற்களும்

1960-61ஆம் ஆண்டுப் போட்டிக் காலத்தில் ஓரீ பாஸ்டன் அணிக்காக 43 ஆட்டங்கள் ஆடினார். 1961ஆம் ஆண்டின் முதல் நாள் பாஸ்டன் அரங்கில் மான்ட்ரியல் அணிக்கு எதிராகத் தம் முதல் கோலை அடித்தார். அந்தக் கோலே அன்றைய வெற்றிக்கும் வித்தாயிற்று. பார்வையாளர்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். தம் ஊரில் இவ்வாறு போற்றப்பட்ட அவர், பிற நகரங்களில் வேறொரு வரவேற்பைப் பெற்றார். நிறத்தைச் சுட்டிய வசைகள் பார்வையாளர் வரிசையிலிருந்து மட்டுமன்றி எதிரணி வீரர்களிடமிருந்தும் எழுந்தன.

சிகாகோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் இழிசொல் கூறியதோடு மட்டையின் கைப்பிடி முனையால் ஓரீயின் முகத்தில் குத்தினார். முன்பற்கள் இரண்டு பறிபோயின; மூக்கு உடைந்தது. ஓரீயும் தம் மட்டையால் திருப்பித் தாக்கினார். கைகலப்பு மூண்டது. அந்நிகழ்வைப் பிற்காலத்தில் அவர் மறைக்கவுமில்லை. அதைக் கூறிப் பெருமிதம் கொள்ளவுமில்லை. உடலைத் தாக்கியவர்களோடு தாம் மோதியதுண்டு என்றும் இழிசொல்லுக்காக ஒருமுறைகூடச் சண்டையிட்டதில்லை என்றும் கூறினார். சொல்லுக்குக் கையால் விடையளித்தால், இவர்கள் களத்திற்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லக் காத்திருப்போருக்கு அதுவே சான்றாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அண்ணன் பின்முற்றத்தில் கற்பித்த பாடம் தம்பிக்குப் பெருங்களத்தில் பயன்பட்டது.

அப்போட்டிக் காலத்தின் முடிவில் தம் இடம் உறுதியாயிற்று என்று ஓரீ நம்பினார். ஆனால், சில வாரங்களில் பாஸ்டன் அணி அவரை மான்ட்ரியல் அணிக்கு மாற்றிவிட்டது. நட்சத்திர வீரர்கள் நிறைந்த அவ்வணியின் முதன்மை வரிசையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தேசிய ஹாக்கி லீக்கில் ஓரீயின் ஆட்டம் அத்துடன் முடிந்தது. 45 ஆட்டங்கள், 4 கோல்கள்; பிறர் கோல் அடிக்க உதவியது 10 முறை. அப்போது அவருக்கு வயது 25.

இடம் மாறியது, ஆட்டம் மாறியது

1961ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓரீ, பசிபிக் கடற்கரை நகரங்களில் நடைபெற்ற மேற்கு ஹாக்கி லீக் போட்டிகளுக்குச் சென்றார். முதலில் லாஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் அணிக்கும் பின்னர் சான் டியாகோ கல்ஸ் அணிக்கும் ஆடினார். உச்சியிலிருந்து ஒருபடி இறங்கிய களம் அது. வீழ்ச்சி என்று எண்ணி ஒதுங்கியிருக்கலாம். அவரோ அங்குதான் தம் ஆட்டத்தின் முழுமையை எய்தினார்.

லாஸ் ஏஞ்சலிஸ் அணியில் இருந்தபோது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறி ஆடும்படி பயிற்சியாளர் பணித்தார். ஓரீயின் கண்குறை அவருக்குத் தெரியாது. ஆனால், அம்மாற்றத்தின் பயன் பெரிதாயிற்று. வலது ஓரமாக விரையும்போது அணியினர் அனைவரும் இடப்பக்கம் அமைவர். வட்டும் இடப்பக்கமிருந்தே வரும். பார்வையுள்ள கண் களம் முழுவதையும் நோக்கியது. பார்வையற்ற கண்ணின் பக்கமோ தடுப்புச் சுவர் மட்டுமே இருந்தது. பல ஆண்டுகளாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆடியவருக்கு இப்போது எதிரே எல்லாம் தெளிவாயின. 1964-65ஆம் ஆண்டில் 38 கோல்கள் அடித்து மேற்கு லீக்கில் முதலிடம் பெற்றார். 1968-69ஆம் ஆண்டில் மீண்டும் 38 கோல்கள் அடித்து அச்சிறப்பை இரண்டாம் முறையும் எய்தினார்.

ஒரே மனிதர், ஒரே கண், அதே விரைவு. நின்ற இடம் மட்டுமே மாறியது. ஒருவரிடம் உள்ள குறை எவ்வளவு, அவரை நிறுத்திய இடத்தின் குறை எவ்வளவு என்பதை ஆராயாமல் தகுதியை முடிவுசெய்தல் தவறு என்பதற்கு இம்மாற்றமே சான்று.

இதனிடையே 1962ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த விருந்தொன்றில் ஜாக்கி ராபின்சனை ஓரீ மீண்டும் சந்தித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புரூக்ளினில் தம்மைக் கண்ட சிறுவர் இவரே என்பதை ராபின்சன் நினைவுகூர்ந்தார். ஹாக்கி ஆடும் கறுப்பினச் சிறுவர்கள் உண்டா என்று அன்று வியந்தவரின் முன்னே, தேசிய ஹாக்கி லீக்கில் ஆடி முடித்த வீரர் நின்றார்.

மீண்டும் திறந்த கதவு

ஓரீ 1979ஆம் ஆண்டில், 43ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அன்றைய வீரர்களுக்கு இன்றுபோல் பெருஞ்செல்வம் கிட்டவில்லை. குடும்பத்தைக் காக்கச் சான் டியாகோவில் பல்வேறு பணிகளை மேற்கொண்டார். தங்கும் விடுதி ஒன்றில் பாதுகாப்புப் பணியும் ஆற்றினார். அவரைக் கடந்து சென்றவர்களுள் பலர், வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரைக் கடக்கிறோம் என்பதை அறியாமலே சென்றிருப்பர்.

அவர் திறந்த கதவின் வழியே அடுத்தவர் உடனே வந்துவிடவில்லை. தேசிய ஹாக்கி லீக்கில் இரண்டாவது கறுப்பின வீரரான மைக் மார்சன் களமிறங்கியது 1974ஆம் ஆண்டில்தான். இடைவெளி பதினாறு ஆண்டுகள். ஒருவர் நுழைந்துவிட்டதாலேயே தடை நீங்கிவிட்டது என்று கருதுதல் பிழை. பின்வருவோருக்குக் காலணியும் மட்டையும் பயிற்சிக்களமும் கிடைத்தால்தான் திறந்த கதவு உண்மையில் திறந்ததாகும்.

இதனை நன்குணர்ந்த ஓரீக்கு அதற்குரிய பணியும் வாய்த்தது. 1990களின் பிற்பகுதியில் தேசிய ஹாக்கி லீக், இளையோர் வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பை அவரிடம் அளித்தது. ஹாக்கி அனைவருக்கும் உரியது என்னும் முழக்கத்துடன் அமைந்த அத்திட்டத்தின் வழியாக அவர் ஊர் ஊராகச் சென்றார். வசதியற்ற குடும்பத்துச் சிறுவர் சிறுமியருக்குச் சறுக்கக் கற்பித்தனர். மட்டையும் காப்புக் கவசமும் வழங்கினர். அறுபதாம் வயதைக் கடந்த அவர் பள்ளிகளில் மாணவர்களின் முன்னே நின்று தம் கதையைக் கூறினார். களத்தில் ஆடிய காலத்தைவிட இப்பணியில் அவர் தொட்ட வாழ்வுகள் மிகப் பல.

மதிப்புகள் காலந்தாழ்ந்து வந்தன. கனடாவின் உயரிய குடிமை விருதான ஆர்டர் ஆஃப் கனடா 2008ஆம் ஆண்டில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரெடரிக்டன் நகரம் தன் புதிய விளையாட்டரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டியது. 2018ஆம் ஆண்டில் ஹாக்கிப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஆட்டக்காரர் என்னும் பிரிவில் அன்று. ஆட்டத்தை வளர்த்தவர் என்னும் பிரிவில். 2022ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள், அவர் முதன்முதலில் களமிறங்கி 64 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், பாஸ்டன் அணி அவர் அணிந்த 22ஆம் எண்ணைத் தன் அரங்கின் உச்சியில் ஏற்றியது. நோய்த்தொற்றுக் காலமாதலால் 86 வயதான ஓரீ, சான் டியாகோவிலிருந்து காணொலி வாயிலாக அக்காட்சியைக் கண்டார். அம்மாத இறுதியில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப்பதக்கத்தை அவருக்கு வழங்கும் சட்டம் நிறைவு பெற்றது.

எண்கள் சொல்லாதவை

நான்கு கோல்கள் என்னும் எண் பொய்யன்று. ஆனால், அந்நான்கு கோல்களை அடித்தவருக்கு எத்தனை ஆட்டங்களில் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதை அவ்வெண் சொல்லாது. வட்டு வரும் திசையைக் காண அவர் எத்தனை முறை கழுத்தைத் திருப்பினார் என்பதையும் சொல்லாது. அவருக்குப் பின்வந்த எத்தனை பிள்ளைகள் முதன்முதலாகச் சறுக்குக் காலணி அணிந்தனர் என்பதையும் சொல்லாது.

ஒரு தேர்வின் மதிப்பெண், ஓர் ஆட்டத்தின் கோல் கணக்கு, ஒரு பணியின் ஊதியம் ஆகிய எண்கள் யாவும் தேவையானவையே. எனினும், அவை மனிதரின் ஒரு பகுதியை மட்டுமே அளக்கின்றன. ஒருவர் எங்கிருந்து புறப்பட்டார், வழியில் எவற்றைக் கடந்தார், தம்பின் வருவோருக்கு எதனை விட்டுச்சென்றார் என்பவற்றையும் சேர்த்து நோக்கும்போதே முழு அளவு கிடைக்கும். பனித்தரையில் ஒருவர் பதித்த தடத்தின்மேல் அடுத்த நொடியே வேறொருவர் சறுக்கிச் செல்வார், தடம் மறைந்துவிடும். தளரா நெஞ்சம் கொண்டு வில்லி ஓரீ வகுத்த வழியோ, பலர் நடக்க நடக்க அகன்றுகொண்டே செல்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஐஸ் ஹாக்கி: இன்றைய முறையிலான உள்ளரங்க ஆட்டம் 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மான்ட்ரியல் நகரில் நடைபெற்றது. ஓர் அணியில் கோல் காப்பாளர் உட்பட ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆடுவர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளை உடையது. தேசிய ஹாக்கி லீக் 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கனடா நாடு 1994ஆம் ஆண்டில் ஹாக்கியைத் தன் தேசியக் குளிர்கால விளையாட்டாகச் சட்டவழி அறிவித்தது.

கதவு திறவாத காலம்: கனடாவின் ஹாலிஃபேக்ஸ் நகரில் 1895ஆம் ஆண்டிலேயே கறுப்பின வீரர்களுக்கான தனி ஹாக்கி லீக் உருவாயிற்று. ஓரீக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஹெர்ப் கார்னகி, சிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர்பெற்றும் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடும் வாய்ப்பைப் பெறவே இல்லை. அவருடைய மறைவிற்குப் பின், 2022ஆம் ஆண்டில் அவர் பெயர் ஹாக்கிப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது.

காப்புக் கவசம்: தேசிய ஹாக்கி லீக்கில் புதிதாகச் சேரும் வீரர்கள் தலைக்கவசம் அணிதல் 1979-80ஆம் ஆண்டு முதலும், கண்காப்புத் தகடு அணிதல் 2013-14ஆம் ஆண்டு முதலும் கட்டாயமாக்கப்பட்டன.

சொல்லும் பொருளும்

வாகை – வெற்றி. விழைவு – விருப்பம். தளை – விலங்கு, கட்டு. இடர் – துன்பம், ஆபத்து. வசை – பழிச்சொல். எய்தினார் – அடைந்தார்.

இலக்கணக் குறிப்பு

தளரா நெஞ்சம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
காணாத கண் – எதிர்மறைப் பெயரெச்சம்
திருப்பித் திருப்பி – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

அறிந்தனர் = அறி + த்(ந்) + த் + அன் + அர்
அறி – பகுதி. த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. தடைகளைக் கடந்து தம் துறையில் முதலாமவராக நுழைந்த ஒருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, வகுப்பறையில் ஐந்து நிமிடம் உரையாற்றுக.

2. ‘உடற்குறையை மறைத்து ஓரீ விளையாடியது சரியே’, ‘சரியன்று’ என்னும் இரு தலைப்புகளில் குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் யார் யார் ஆட வருவதில்லை, ஏன் என்பதைக் கேட்டறிந்து, அவர்களும் பங்கேற்பதற்கான வழிமுறைகளை எழுதி உடற்கல்வி ஆசிரியரிடம் அளிக்க.

மதிப்பீடு

குறுவினா

1. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கண்களின் கூர்மை இன்றியமையாதது ஏன்?
2. ஓரீக்கு அவருடைய அண்ணன் கற்பித்த பாடம் யாது?

சிறுவினா

1. ஜாக்கி ராபின்சனை ஓரீ சந்தித்த இரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு எழுதுக.
2. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறியது ஓரீயின் ஆட்டத்தை எவ்வாறு மாற்றியது?

நெடுவினா

‘ஒருவர் நுழைந்துவிட்டதாலேயே தடை நீங்கிவிட்டது என்று கருதுதல் பிழை’ – வில்லி ஓரீயின் வாழ்க்கையைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.